ஏரிக்கு வாரியம், மலத்துக்குச் சாதி

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே நாம் பெரும்பாலும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தத் தேர்தல் எதற்காக நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஆறு பேர் ஏரி வாரியத்துக்குப் போனார்கள். பதவி 360 நாள். கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்துக்குள் பெயர் இட முடியாது. இதே ஊரின் பல்லவர் காலக் கல்வெட்டுகள், வயிரமேக தடாகத்தில் தூர் எடுப்பதற்கென்றே அறக்கொடைகள் விடப்பட்டதைச் சொல்கின்றன. நீர் நிற்கும் எந்தப் பள்ளமும் நாளடைவில் தூரும், அதைக் காலம் தவறாமல் எடுக்க வேண்டும், எடுப்பதற்கு ஆளும் பணமும் கணக்கும் வேண்டும் என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் நிர்வாக அறிவாக இருந்தது. இன்று ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டின் பின்புறத்திலும் தூர்ந்துகொண்டிருக்கும் சின்னத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதற்கு வாரியம் இல்லை, கணக்கு இல்லை, முறை இல்லை. செப்டிக் டேங்க் பராமரிப்பில் நமக்கு உள்ள குறை தொழில்நுட்பக் குறை அல்ல. ஊர்ப் பொறுப்பாக இருந்திருக்க வேண்டிய ஒன்றைச் சில சாதிகளின் தலையில் கட்டிவிட்டு மறந்ததன் விளைவு அது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பழங்காலத்தைப் பொற்காலமாக்குவது என் நோக்கமில்லை. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட ஊர். வாரியத்தில் உட்கார வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் வேண்டியிருந்தது. சேற்றில் இறங்கிக் கூடை சுமந்தவர்களின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. ஆனாலும் ஏரியின் தூர் ஊரின் விவகாரமாக இருந்தது. சபையில் பேசப்பட்டது, கல்லில் வெட்டப்பட்டது. குடிமராமத்து என்ற பெயரில் அந்த வழக்கம் பிரிட்டிஷ் ஆட்சி வரை வந்தது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அதைச் சட்டத்தின் மொழியில் எழுதவும் முயன்றது. மனிதக் கழிவின் கதை வேறு திசையில் போனது. நகரங்கள் பெருத்து, எடுப்புக் கக்கூஸ்கள் தெருத்தெருவாக முளைத்தபோது, அவற்றை அள்ளும் வேலையை நகராட்சிகள் தம் பணியாக ஏற்றன. அந்தப் பணிக்கு ஆள் எடுத்ததோ சாதி பார்த்து. அருந்ததியர் முதலான சமூகங்கள் தலைமுறை தலைமுறையாக நகராட்சிச் சம்பளப் பட்டியலில் அந்த ஒரே வேலைக்கு எழுதப்பட்டார்கள். ஊரே கூடிச் செய்ய வேண்டிய வேலை என்று ஏரியையும், கண்ணில் படாமல் யாரோ செய்ய வேண்டிய வேலை என்று மலத்தையும் பிரித்து வைத்த மனப்பழக்கம் நவீன நிர்வாகத்துக்குள் அப்படியே குடிபுகுந்தது.

செப்டிக் டேங்க் இங்கே பிறந்தது அல்ல. பிரான்ஸின் வெசூல் நகரில் ழான் லூயி மூரா என்பவர் 1860 வாக்கில் தம் வீட்டுக் கழிவுக்கு மூடிய தொட்டி ஒன்றைக் கட்டினார். சில ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது எதிர்பார்த்த அளவு திடக்கழிவு அதில் இல்லை. 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ‘தானியங்கித் தோட்டி’ என்ற பொருள்படும் பெயரில் அது பேசப்பட்டது. அடுத்த கட்டம் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் நடந்தது. அந்நகரின் பொறியாளர் டொனால்ட் கேமரான் 1895–96இல் நகரக் கழிவுநீரின் ஒரு பகுதிக்கு மூடிய தொட்டி அமைத்து, அதற்கு இன்று உலகம் வழங்கும் பெயரைச் சூட்டினார். தொட்டியிலிருந்து வெளியேறிய நீர் வடிகட்டிப் படுகைகள் வழியாகச் சென்ற பிறகே விடப்பட்டது. அதாவது, தொட்டி சுத்திகரிப்பின் முதல் படி மட்டுமே என்பது அதை அமைத்தவருக்கே தெரிந்திருந்தது. கசடு முழுவதும் தானாகக் கரைந்துவிடும் என்ற நம்பிக்கையும் அக்காலத்தில் பரவியது. கழிவுநீர் அகற்றல் பற்றி ஆராய 1898இல் பிரிட்டனில் அமைந்த ராயல் கமிஷன் அந்த நம்பிக்கையை ஏற்கவில்லை. கசடில் ஒரு பகுதிதான் கரைகிறது, மிச்சத்தை எடுத்தே ஆக வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் பொறியியலில் தீர்ந்துபோன விஷயம். பம்பாய் மாதுங்காவின் தொழுநோயாளர் இல்லத்தில் 1897 வாக்கிலேயே இத்தகைய தொட்டி அமைந்து, அதன் வாயுவைக் கொண்டு இயந்திரம் ஓட்டிப் பார்த்தார்கள். இந்தியாவுக்குத் தொட்டி வந்தது அதன் அறிவியலோடுதான். வழியில் நாம் கைவிட்டது அந்த அறிவியலின் பாதியை.

அந்தப் பாதி என்ன என்று தெரிய ஒரு தொட்டியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் போதும். கழிவு உள்ளே வந்ததும் கனமானது அடியில் படிந்து கசடாகிறது. எண்ணெய்ப் பசையும் இலேசானவையும் மேலே ஏடாக மிதக்கின்றன. நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடை மெல்லத் தின்கின்றன. எஞ்சியது கருஞ்சேறாக உயர்ந்துகொண்டே வருகிறது. நடுநீர் மட்டும் அடுத்த அறைக்கும், அங்கிருந்து உறிஞ்சு குழிக்கும் போக வேண்டும். மண் அதை வடிகட்டும். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 2470 இதற்கெல்லாம் அளவு சொல்கிறது: தொட்டியின் நீளம் அகலத்தைப் போல இரண்டிலிருந்து நான்கு மடங்கு, அகலம் 75 சென்டிமீட்டருக்குக் குறையாமல், நீர் ஆழம் ஒரு மீட்டருக்குக் குறையாமல், கொள்ளளவு குறைந்தது 1,000 லிட்டர். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை எடுக்க வேண்டும். நீளமான கழியில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கித் தூக்கினால், கறுத்த உயரம் கசடின் அளவைக் காட்டிவிடும். ஏடும் கசடும் சேர்ந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் கசடை உறிஞ்சும் லாரியை அழைக்கும் நேரம் வந்துவிட்டது. அதற்கு மேலும் விட்டால் கழிவு தங்கித் தெளிய இடமில்லாமல், வந்த வேகத்திலேயே சேறோடு வெளியேறி உறிஞ்சு குழியை அடைத்துவிடும். கழிப்பறையில் அளவுக்கு மேல் ஆசிட் ஊற்றுவதும் நுண்ணுயிரைக் கொன்று இதே கேட்டைத்தான் விரைவுபடுத்தும். துணியும் நாப்கினும் பிளாஸ்டிக்கும் தொட்டிக்குள் போகவே கூடாது.

இத்தனை எளிய பராமரிப்பு நம் ஊர்களில் ஏன் வழக்கமாகவில்லை? எடுப்புக் கக்கூஸிலிருந்து தொட்டிக்கு மாறியபோது நாம் தேடியது என்ன என்பதில் விடை இருக்கிறது. தலையில் சுமக்கும் கொடுமையை என். ஆர். மல்கானி தலைமையிலான குழு 1960இல் ஆவணப்படுத்தியது. அதன் பிறகும் அதை ஒழிக்கும் சட்டம் வர 1993 ஆனது. இடைப்பட்ட காலத்தில் தண்ணீர் ஊற்றும் கழிப்பறையும் தொட்டியும் வசதியுள்ள வீடுகளில் முதலிலும் மற்ற வீடுகளில் பிறகும் பரவின. அள்ள ஆள் வர வேண்டாம் என்பதே அதன் பெரிய கவர்ச்சி. அள்ளும் மனிதரின் விடுதலை அந்த விருப்பத்தில் எந்த அளவு இருந்ததோ, அள்ளுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்ற விருப்பமும் அந்த அளவு இருந்தது. வட இந்தியக் கிராமங்களை ஆராய்ந்த டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் 2017இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். சிறிய இரட்டைக் குழிக் கழிப்பறையை மக்கள் ஏற்காததற்கும், ஆயுளுக்கும் நிரம்பாத பெரிய குழியை விரும்பியதற்கும் காரணம், குழியை எடுப்பதோடு ஒட்டிக்கொண்ட தீண்டாமை என்பது அவர்கள் கண்டது. தமிழ்நாட்டிலும் பெரிய தொட்டி கட்டி, மேலே தளம் போட்டு, திறக்கும் மூடியைக்கூட டைல்ஸ் போட்டு மறைக்கும் வழக்கத்தை வேறு எப்படி விளக்குவது? ராயல் கமிஷன் நூறு ஆண்டுக்கு முன் மறுத்த நம்பிக்கையை நம் வீடுகள் இன்னும் காப்பாற்றி வருகின்றன. அறியாமையை விட அருவருப்பே அதைக் காப்பாற்றுகிறது.

அந்த அருவருப்புக்கு விலை கொடுத்தவர்கள் வேறு மனிதர்கள். மூடிய தொட்டியில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்கின்றன, ஆக்சிஜன் குறைகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு மிகும்போது முகரும் உணர்வையே மரக்கச் செய்துவிடுவதால், நாற்றம் இல்லை, ஆபத்தும் இல்லை என்று நம்பி இறங்குபவர் நொடிகளில் சாய்கிறார். அவரைத் தூக்கப் போனவரும் சாய்கிறார். 1993க்குப் பிறகு சாக்கடையிலும் தொட்டியிலும் இறங்கி இறந்தவர்களைத் தேசியத் துப்புரவுப் பணியாளர் ஆணையம் கணக்கெடுத்தபோது, மாநிலங்களில் தமிழ்நாடே முதலிடத்தில் இருந்தது. எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் உலர் கழிப்பிடத்தைத்தான் பார்த்தது, தொட்டியைப் பார்க்கவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான் பாதுகாப்புக் கருவி இல்லாமல் தொட்டியிலும் சாக்கடையிலும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமாக உயர்ந்தது. சட்டம் படிப்படியாகக் கூர்மையாகியிருக்கிறது. ஆனால் சட்டம் விழிப்பது மரணத்துக்குப் பிறகு. காலத்தில் எடுக்கப்படாமல் இறுகிப்போன கசடே மனிதனை உள்ளே இறக்கும் நெருக்கடியைப் பெரும்பாலும் உண்டாக்குகிறது. முறை வைத்து எடுத்தால், குழாய் போட்டு உறிஞ்சும் நிலையிலேயே கசடு இருக்கும். பராமரிப்பு தவறுவது ஓர் உயிரைப் பணயம் வைப்பது என்றே சொல்ல வேண்டும்.

கசடை உறிஞ்சும் லாரிகள் நம் சாலைகளில் பெருகியது அண்மைக் காலத்து வரலாறு. அரசு ஏற்காத வேலையைச் சிறு முதலாளிகள் ஏற்றார்கள். பழைய லாரியில் தொட்டியும் பம்பும் பொருத்தித் தொழில் நடத்தினார்கள். மனிதன் இறங்காமல் தொட்டியைக் காலி செய்யும் வழியை ஊர்தோறும் கொண்டுபோனவர்கள் அவர்கள். இதற்காக அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் உறிஞ்சிய கசடை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு நெடுங்காலம் யாரும் விடை சொல்லவில்லை. ஓடை, ஏரிக்கரை, சாலையோரப் பள்ளம், ஊருக்கு வெளியே தரிசு நிலம் என்று இருட்டில் கொட்டப்பட்டது. லாரிக்காரரைக் குற்றவாளியாக்கிப் பேசுவது எளிது. கொட்ட இடம் கொடுக்காமல், கொட்டினால் பிடிப்போம் என்பது நியாயம் ஆகாது. வீட்டுக்காரரும் பணம் கொடுத்ததோடு தம் கடமை முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொண்டார். அவர் வீட்டிலிருந்து போன கசடு, மழை பெய்ததும் அவர் ஊர் ஏரிக்கே வந்து சேர்ந்தது. வாரியம் வைத்துக் காத்த அதே ஏரிக்குத்தான்.

வேறு வழி உண்டு என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. திருச்சியில் 2000 வாக்கில் தொடங்கி, குடிசைப்பகுதிப் பொதுக் கழிப்பிடங்களின் நிர்வாகம் அந்தந்தப் பகுதிப் பெண்கள் குழுக்களின் கைக்கு வந்தது. கிராமாலயா போன்ற தொண்டு நிறுவனங்கள் துணை நின்றன. கட்டணம் வசூலித்து, கணக்கு எழுதி, பழுது பார்த்து, தொட்டியைக் காலத்தில் எடுக்கச் செய்தவர்கள் அந்தப் பெண்கள். அந்த நகரின் கல்மந்தை, திறந்தவெளிக் கழிப்பு அற்ற குடிசைப்பகுதியாக நாட்டில் முன்னோடியாகப் பெயர் பெற்றது. காவிரிக் கரையில் உள்ள முசிறியின் சிக்கல் வேறு. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் ஊரில் தொட்டியும் உறிஞ்சு குழியும் ஒழுங்காக வேலை செய்யாது. கழிவு கிணற்றில்தான் கலக்கும். அங்கே ‘ஸ்கோப்’ நிறுவனம் மலத்தையும் சிறுநீரையும் பிரித்து உரமாக்கும் சூழல் கழிப்பிடங்களை அமைத்தது. 2008இல் அங்கே பொதுக் கழிப்பிடத்தைப் பயன்படுத்துவோருக்குச் சிறு தொகை கொடுத்தது நாடெங்கும் பேசப்பட்டது. இரண்டு ஊரிலும் கருவி வேறு, மண் வேறு, வெற்றிக்கான காரணம் ஒன்று: கழிவின் முழுப் பயணத்துக்கும் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒரு குழு ஊருக்குள் பொறுப்பேற்றது.

அரசின் பார்வையும் பிறகு மாறியது. 2014 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஊர்களைக் கொத்தாகச் சேர்த்து அருகிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைப்பது அதன் அடிப்படை. 2015இல் தொடங்கிய நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டம் திருச்சியையும், கோவையை ஒட்டிய பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளையும் களமாக எடுத்துக்கொண்டது. திருச்சியில் லாரிகள் மாநகராட்சி நீரேற்று நிலையங்களில் கட்டணம் செலுத்திக் கசடை இறக்கி, பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வழி ஏற்பட்டது. மதுராந்தகத்துக்கு அருகே கருங்குழியில், கசடுக்கென்றே தனியாக, நாளொன்றுக்குச் சுமார் 23,000 லிட்டர் கொள்ளளவில் ஒரு நிலையம் 2017இல் செயல்படத் தொடங்கியது. பெரிய ஏரிக்குப் பெயர்பெற்ற மதுராந்தகத்திலிருந்து உத்திரமேரூர் அதிகத் தொலைவில் இல்லை. தூர் எடுப்பதற்கு முறை வகுத்த நிலப்பரப்பிலேயே கழிவுக் கசடுக்கும் ஒரு முறை தொடங்கியிருக்கிறது. 2022இல் கசடு லாரிகளுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தமும் வந்தது.

இதற்கெல்லாம் அவசியம் இல்லை, எல்லா ஊருக்கும் பாதாளச் சாக்கடை போட்டால் தொட்டியே வேண்டியதில்லை என்பார் சிலர். அடர்ந்த நகரங்களுக்குப் பாதாளச் சாக்கடை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வரலாறு அவசரப்படாதே என்கிறது. சென்னையின் கழிவுநீர் அமைப்பு 1910இல் வடிவமைக்கப்பட்டது, 1961இல் இருக்கக்கூடும் என்று கணித்த 6.6 லட்சம் மக்களுக்காக. நகரம் அந்தக் கணிப்பை எப்போதோ விழுங்கிவிட்டது. நூறு ஆண்டு கழித்தும் விரிவாக்கப் பணி முடியவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரக் குடும்பங்களில் ஏறக்குறைய 38 சதவீதம் செப்டிக் டேங்கையும், 33 சதவீதம் குழாய்ச் சாக்கடையையும் நம்பியிருந்தன. பேரூராட்சிகளும் கிராமங்களும் குழாய்க்காகக் காத்திருந்தால் இன்னொரு தலைமுறை கசடு ஏரிக்குப் போகும். குழாய் தானாகக் கழுவிக்கொள்ள வேண்டிய தண்ணீர் பல ஊர்களில் குடிப்பதற்கே இல்லை. சாக்கடையில் இறங்கிச் செத்தவர்களின் கணக்கும் கண்முன் இருக்கிறது. பராமரிக்காத குழாய், பராமரிக்காத தொட்டியை விட எவ்வகையிலும் மேலானது அல்ல.

என் மனையில் என் தொட்டி, ஊருக்கு என்ன என்ற கேள்வியும் உண்டு. இருபது வருடமாக எங்கள் தொட்டி நிரம்பியதே இல்லை என்று பெருமையாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். குடும்பம் குடியிருக்கும் வீட்டில் இருபது ஆண்டு நிரம்பாத தொட்டி நல்ல தொட்டி அல்ல. அடித்தளம் போடாமல் கட்டியதாலோ விரிசலாலோ அது மண்ணுக்குள் ஒழுகுகிறது, அல்லது அதன் கழிவு சேறோடு தெருச் சாக்கடைக்குப் போகிறது. உறிஞ்சு அமைப்பு குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று தர நிர்ணயம் சொல்கிறது. நெருக்கமான மனைகளில் என் தொட்டிக்கும் அடுத்த வீட்டு ஆழ்துளைக் கிணற்றுக்கும் அந்த இடைவெளி கிடைப்பதில்லை. நிலத்தடி நீருக்கு மதில் சுவர் தெரியாது. ஆகவே மனை தனியாருடையது என்றாலும், தொட்டி ஊருடையது.

மூன்றாவது எதிர்ப்பே எடைமிக்கது: கசடு நிலையம் வேண்டும், ஆனால் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேண்டாம். இதை வெறும் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. குப்பைக் கிடங்கும் கழிவுநீர்ப் பண்ணையும் காலங்காலமாக ஏழைகளின், தலித்துகளின் குடியிருப்புகளை ஒட்டியே வைக்கப்பட்டன. வாக்களித்த பராமரிப்பு நடக்காமல் நாற்றமும் ஈயும் மட்டும் மிஞ்சின. அந்த அனுபவத்திலிருந்து பேசுபவர்களின் அச்சம் நியாயமானது. அதற்கான விடை நிலையத்தையே கைவிடுவது அல்ல. கைவிட்டால் கசடு மறுபடியும் அதே எளியவர்களின் ஓடைக்குத்தான் போகும். இடத்தைச் சபையில் வைத்து முடிவு செய்வதும், நிலையத்தின் நீர்ப் பரிசோதனை முடிவைப் பலகையில் எழுதி வைப்பதும், வேலைக்குச் சாதி பார்க்காமல் நல்ல சம்பளத்துக்கு ஆள் எடுப்பதும்தான் அந்த அச்சத்துக்கு நேர்மையான பதில். கணக்குக் காட்டாதவரைக் குடத்துக்கு வெளியே நிறுத்திய விதி இங்கே பொருந்த வேண்டும்.

எக்ஸிடரில் பிறந்த தொட்டி நமக்கு முழுமையாக வந்து சேர வேண்டுமானால், அதன் கசடு ஏரியின் தூரைப் போல ஊர்ப் பேச்சுக்கு வர வேண்டும். ஊராட்சியோ பேரூராட்சியோ ஒவ்வொரு தொட்டியையும் பதிவேட்டில் எழுதி, எடுத்த தேதியையும் எடுக்க வேண்டிய தேதியையும் குறிக்கலாம். தெருத்தெருவாக முறை வைத்து லாரி அனுப்பி, அதன் செலவை ஆண்டு வரியோடு சிறுகச் சிறுக வாங்கலாம். லாரி கொட்டிய இடத்துக்கு ரசீது கேட்கலாம். இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது; நகரங்களில் பகுதி சபைகள் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நம் ஊரில் எத்தனை தொட்டிகள், கடைசியாக எப்போது எடுக்கப்பட்டன, லாரி எங்கே கொட்டுகிறது? பதில் கிடைக்கும்வரை தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கேள்விகள் இருக்கட்டும்.